இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு

மாதா மாதம் இரண்டாம் தேதி காலையில் அம்மா அப்பாவைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்ப்பாள். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் பார்ப்பதைப் போல என்று நான் கேலி செய்தால் கரண்டியோடு அடிக்க வருவாள். முகம் வீங்கியிருக்கிறதா, கண்ணில் மஞ்சள் தெரிகிறதா, ராத்திரி இருமினாரே அது என்ன ஆயிற்று என்று எல்லாம் தீர விசாரித்த பிறகுதான் கோட்டை மாட்டிக்கொள்ள அவருக்கு உத்தரவு கிடைக்கும். அன்றைக்கு அப்பா பென்ஷன் வாங்கப் போகும் நாள்.

"ஏனுங்க, மப்ளரச் சுத்திக்கிட்டுப் போங்க. உங்க ஒடம்பு உங்களுது மட்டுமில்லீங்க."

"பின்னே யாரோடதாம்?"

"சர்க்காரோடதுங்க. அவங்க குடுக்கறது உங்க உசுருக்குத்தானுங்க."

அம்மா சொன்னது உண்மை. அந்தக் காலத்தில் பென்ஷன் என்பது வாங்குகிறவர் கண்ணை மூடியதும் அவரோடு போய்விடும். பெண்டாட்டிக்கு ஒன்றும் கிடையாது. அதனால் அப்பாவை நல்லபடியாக வைத்துக்கொள்வதுதான் அம்மாவின் உத்தியோகம். அதில் பிரியம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று, அப்பாவை ஒரு ஸ்டுடியோ வாசலில்கூட நிற்க விட்டதில்லை. அந்த மூடத்தனத்துக்காக நான் அம்மாவிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்கும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

அப்பா சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் வரப்பு வரப்பாக நடந்து, ஐம்பத்தைந்தாவது வயதில் ஓய்வு பெற்று, வெண்ணந்தூரில் எங்கள் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பின்பாதி அது. நான் ஒரே பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஆசிரியைப் பயிற்சிக்கு வருஷா வருஷம் மனுப் போட்டுக் காத்திருந்தேன். வீட்டில் சும்மா இருக்கிறேனே என்று இரண்டாம் தேதிகளில் அப்பாவோடு துணைக்குப் போவேன். துணை என்பது பேருக்குத்தான். எனக்கு பஸ்ஸில் போக வேண்டும், டவுனைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

எங்கள் தெருவில் இரண்டு சிறகு வீடுகளிலும் தறி. நூல் வந்தால் தெரு சத்தமாக இருக்கும், வராவிட்டால் சத்தமே இருக்காது. தெருவைத் தாண்டினால் புன்செய் உழுகிற காட்டுக்காரர்கள். அவர்களுக்கு மழைதான் படியளந்தது. எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் மழையைக் கேட்காமல், நூலைக் கேட்காமல் எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தறிக்காரர், அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர், ஒருநாள் அப்பாவிடம் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க, நீங்க வேலைக்குப் போறதில்லை. கூலி மட்டும் எப்பிடீங்க வருது?"

"கூலி இல்லீங்க. நடக்கறப்போ முழுசாக் குடுக்கலை, கொஞ்சம் புடிச்சு வெச்சிருந்தாங்க. இப்போ நடக்க முடியாதப்போ அதைக் குடுக்கறாங்க."

பெரியவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். "நானும் அம்பது வருசமா மிதிச்சுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன், தறிக்குழிக்குள்ள."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்கும் குடுக்கோணுமுங்க" என்று மட்டும் சொன்னார். அன்று முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தனக்குக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

பென்ஷன் கொடுக்கும் சப்-டிரஷரி எந்த ஊரில் இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனாலும் நான் சொல்லப்போவது அவர்களுக்குப் பெருமை சேர்க்கிற கதையும் இல்லை. கம்பி வைத்த ஜன்னல், அதன் முன்னே ஒரு மர பெஞ்சு. ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் முட்டி மோதும். நான் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் இடம் போய்விடும் என்று அப்பா பக்கத்தில் துண்டைப் போட்டு வைப்பார். யாராவது உட்கார வந்தால், "ஆளிருக்குதுங்க" என்பார். நான் வந்ததும் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

பென்ஷன் புஸ்தகம் இரண்டு பாதியாக இருக்கும். ஒன்று டிரஷரியில், ஒன்று நம்மிடம். பேர், பார்த்த உத்தியோகம் இவற்றுக்குக் கீழே அங்க அடையாளம் என்று இரண்டு வரி. வந்திருக்கிற ஆள் இன்னார்தான் என்று அந்த இரண்டு வரியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எழுதியிருந்தது: இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு, மார்பில் இடப்பக்கம் ஒரு மச்சம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பழைய கணக்கருக்கு எல்லார் முகமும் பழக்கம். "வாங்க சர்வேயரய்யா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குவார். அந்த வரிகளை அவர் படித்ததில்லை. அப்பாவும் படித்ததில்லை. பிரிவு உபசாரத்தன்று, கழுத்தில் மாலையோடு, டீ ஆறிக்கொண்டிருக்க, தலைமைக் குமாஸ்தா நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் அவர். ஊரார் நிலத்தில் ஒரு கல் அரை அடி தள்ளியிருந்தால் கண்டுபிடித்துவிடுகிறவர், தன்னைப் பற்றி எழுதியதைப் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு பழைய கணக்கர் மாற்றலாகிப் போய், புதிதாக ஒருவர் வந்தார். இளவயது. விதிப்புஸ்தகத்தை ஓரத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் நிற்க வைத்து அடையாளம் பார்த்தார். அப்பாவின் முறை வந்தது. புஸ்தகத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி புஸ்தகத்தைப் பார்த்தார்.

"இடது புருவம்னு போட்டிருக்கு. உங்களுக்கு வலதுல இருக்கே?"

அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆத்தூர்ப் பக்கம் ஒரு எல்லைக் கல்லை நடும்போது தெறித்த சில்லு அவர் வலது புருவத்துக்கு மேல் பட்டது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது.

"வலதுதானுங்க. எழுதினவரு எனக்கு எதிர்ல உக்காந்து எழுதிருப்பாரு. அவருக்கு அது இடது பக்கமாத் தெரிஞ்சிருக்குமுங்க."

"அப்படின்னு இதுல எழுதலையே. சட்டையைக் கழட்டுங்க, மச்சத்தைப் பார்ப்போம்."

அத்தனை பேருக்கு முன்னால் அப்பா கோட்டைக் கழற்றினார், சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். மச்சமும் வலப்பக்கம். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

"கையெழுத்து ஒத்துப்போகுதுங்களே" என்றேன்.

"கையெழுத்தை யாரும் பழகிக்கலாம்மா. தழும்பைப் பழக முடியுமா?"

புஸ்தகத்தை மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும், அங்கே திருத்தி வரும்வரை பணம் கொடுக்க முடியாது, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "நான் நானில்லையாமா" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. பணம் வராது என்பது புரிந்தது. உள்ளே போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

விண்ணப்பத்தை அப்பா மூன்று நாள் எழுதினார். எழுத்தில் சொன்னால் எழுத்தையே சந்தேகப்படுவார்கள் என்று, கூடவே ஒரு படமும் போட்டார். தன் முகத்தை ஒரு புலப்படமாக, நிலத்தை அளந்து வரைவது போலவே வரைந்தார். மோவாயிலிருந்து உச்சந்தலை வரை ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டிலிருந்து இடப்புறமும் வலப்புறமும் அளவுகள். காது இத்தனை தூரம், கண்முனை இத்தனை தூரம், தழும்பின் இரண்டு நுனிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று எல்லாம். நான் நூலைப் பிடித்து அளந்து சொன்னேன், அவர் எழுதினார். கோட்டின் வழியே முன்னோக்கி நடக்கிறவனுக்கு எது வலதோ அதுவே வலது, எதிரே வருகிறவனுக்கு அல்ல என்று கீழே ஒரு குறிப்பு. ஓரத்தில் அளவுகோல். வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறியைக்கூடப் போட்டுவிட்டார். "மூஞ்சிக்கு எதுக்குங்கப்பா வடக்கு?" என்று கேட்டேன். "இருந்துட்டுப் போகுது சாமி" என்றார். வேடிக்கை என்னவென்றால் அது அச்சு அசல் அப்பாவாகவே இருந்தது.

மாதங்கள் போயின. பதில் வரவில்லை. அப்பா பரணிலிருந்து பழைய தொப்பியை எடுத்தார். வரப்புத் தகராறு உள்ளவர்களுக்குத் தனியாக அளந்து கொடுக்கத் தொடங்கினார். முழங்கால் வீங்கி வீட்டுக்கு வருவார். உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அம்மா அழுவாள். முப்பது வருஷம் நடந்தாயிற்று, இனி உட்காரலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டு, உட்கார்ந்த பிறகு எழுந்திரு என்று சொன்னால் எப்படி இருக்கும்? எதிர்வீட்டுப் பெரியவர் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போவார். எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதமும் அப்போதுதான் வந்தது. அதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் தாலுகாவிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். நேரில் விசாரித்து அறிக்கை அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவாம். நல்ல மனிதர், நடுவயதுக்காரர். அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவை மட்டும் கேட்டார்.

"உங்க ஊட்டுக்காரருக்கு மூஞ்சியில தழும்பு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"எந்தப் பக்கமுங்க?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இடது பக்கமுங்க."

நான் குறுக்கே பாய்ந்தேன். "அம்மா, வலது!"

"உனக்கென்னடி தெரியும்? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து பாத்துக்கிட்டிருக்கறவ நானு. இடது பக்கந்தானுங்க. நெஞ்சுல மச்சமும் இடதுதானுங்க."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டு அப்பாவை உள்ளே கூப்பிட்டார். அப்பா வந்து அம்மாவுக்கு எதிரே நின்றார். "இப்போ காட்டுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அம்மா தன் இடது கையைத் தூக்கி நேரே நீட்டி அப்பாவின் வலது புருவத்தைக் காட்டினாள். "இதோ, இந்தப் பக்கமுங்க. இது இடது கைதானுங்களே?"

அப்பா சிரித்தார். அந்த ஐந்து மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார்.

"இங்க வா" என்றார் அப்பா. "என் பக்கத்துல வந்து நில்லு. நான் பாக்கற பக்கம் பாரு."

அம்மா வரமாட்டேன் என்றாள். வெட்கம். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பெண்டாட்டி புருஷனுக்குப் பின்னால்தான் நடப்பாள். வீட்டுக்குள் சோறு போடும்போதும் தண்ணீர் கொடுக்கும்போதும் எதிரே நிற்பாள். அம்மா அப்பாவை முதுகுப்புறம் பார்த்திருக்கிறாள், முன்னால் நின்று பார்த்திருக்கிறாள். கல்யாண மணையைவிட்டு எழுந்த பிறகு தோளோடு தோள் நின்று இருவரும் ஒரே திசையைப் பார்த்ததே இல்லை. அதுவும் வெளி மனிதர் ஒருவர் முன்னால் எப்படி நிற்பாள்? இன்ஸ்பெக்டர் நாகரிகமாகக் காகிதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து அப்பாவின் வலப்பக்கம் நின்றாள். நடுவில் ஒரு முழம் இடைவெளி.

"உன் வலது கை எது?"

காட்டினாள்.

"என் வலது கை எது?"

காட்டினாள்.

"ரெண்டும் ஒரே பக்கந்தானே? இப்போ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அம்மா தலையைத் திருப்பி அண்ணாந்து பார்த்தாள். தழும்பு அவள் பக்கமாகவே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வலது பக்கமுங்க" என்றாள் மெதுவாக.

அம்மாவின் தவறுதான் எங்களைக் காப்பாற்றியது. கட்டிய மனைவியே எதிரே நின்று பார்த்துப் பழகி இடது என்கிறார், எதிரே உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாவும் அப்படியே எழுதியிருக்கிறார், தழும்பும் மச்சமும் ஒரே மாதிரி மாறியிருப்பதே அதற்குச் சாட்சி என்று இன்ஸ்பெக்டர் அறிக்கை எழுதினார். இரண்டு மாதத்தில் புஸ்தகம் திரும்பி வந்தது. இடது என்ற சொற்களைச் சிவப்பு மசியால் அடித்து, மேலே வலது என்று எழுதி, பக்கத்தில் யாரோ சுருக்கொப்பம் போட்டிருந்தார்கள். நின்று போன பணமும் சேர்ந்து வந்தது. அப்பா தொப்பியைப் பரணில் போட்டார். நான் பயிற்சிக்குப் போனேன்.

ஆனால் அப்பா வரைந்த படம் திரும்பி வரவில்லை. மெட்ராஸில் ஏதோ ஒரு கட்டுக்குள் தங்கிவிட்டது. அப்போது யாருக்கும் அது ஒரு இழப்பாகத் தெரியவில்லை. பணம் வந்த சந்தோஷத்தில் கேட்கவும் இல்லை. இன்றைக்கு அந்த ஒரு தாளுக்காக எந்த ஆபீஸ் வாசலிலும் எத்தனை நாளும் நான் காத்திருப்பேன். அப்பாவின் முகத்தைப் போட்ட தாள் உலகத்தில் அது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு அவரை நினைத்துப் பார்க்கிறேன். கோட்டு வருகிறது, துண்டு வருகிறது, முகம் மட்டும் கலங்கிக் கலங்கிப் போகிறது. அளவுகளாவது நினைவிருக்கக் கூடாதா? நூலைப் பிடித்தவள் நான்தானே.

அதற்குப் பிறகு அம்மாவைச் சீண்ட அப்பாவுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. சோறு போட வந்தால், "தழும்பு எந்தப் பக்கம்?" என்பார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுற்றி வந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "வலதுங்க" என்பாள். எதிரே நின்றபடியே அவளுக்குக் கடைசிவரை சொல்ல வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லையோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனியில் அப்பா போய்விட்டார். இருமல்தான், பத்து நாள் காய்ச்சல். நான் அப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குடும்பத்துக்கும் பென்ஷன் உண்டு என்று சர்க்கார் புதிதாக விதி கொண்டுவந்திருந்தார்கள். அது வேலையில் இருப்பவர்களுக்கு. முன்பே ஓய்வு பெற்றுப் போனவர்களின் பெண்டாட்டிகளுக்கு இல்லை. எனக்குச் சம்பளம் வந்ததால் அம்மா பட்டினி கிடக்கவில்லை. இல்லாமல் போயிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் தேதியாகப் பார்த்துப் போகலாம் என்றாள் அம்மா. அவள் அந்த டிரஷரிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதே ஜன்னல், அதே பெஞ்சு, உள்ளே வேறொரு புதிய ஆள். இறப்புச் சான்றை வாங்கிப் பார்த்தார். புஸ்தகத்தைப் பிரித்தார். விதிப்படி சரிபார்க்க வேண்டும் போலிருக்கிறது, சிவப்பு மசியைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"அடையாளம் சொல்லுங்கம்மா. தழும்பு எந்தப் பக்கம்?"

நான் சொல்லியிருப்பேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள். பிறகு வலப்பக்கமாக ஓரெட்டுத் தள்ளி நின்றாள். அவளுக்கு இடப்பக்கம், கம்பிக்கு முன்னால், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாயிற்று. அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பி, அப்பா உயரத்துக்கு அண்ணாந்து, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வலது பக்கமுங்க" என்றாள்.

உள்ளே இருந்தவர் எழுதத் தொடங்கினார். அம்மா அங்கிருந்து நகரவில்லை, பார்வையையும் எடுக்கவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. ஜன்னலுக்கு முன்னால் இடம் இருப்பதைப் பார்த்து ஒரு பெரியவர், கையில் தன் புஸ்தகத்தோடு, அதில் வந்து நிற்கக் காலெடுத்து வைத்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றேன். "அங்க ஆளிருக்குதுங்க."